டென்ஷனைக் குறைம்மா!

காலையில் பட்டாபிராமிலிருந்து சென்னைக்குப் போகும் லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார இடம் கிடைத்ததும் தூங்கிவிடுகிறார்கள். நாலரைக்கே எழுந்து சமைத்து, எல்லோருக்கும் டப்பா கட்டிவிட்டு ஓடி வந்தவர்கள்.

அதில் ஒருத்திக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போகிறது, கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை என்று வையுங்கள். வீட்டில் என்ன சொல்வோம்? “டென்ஷனைக் குறைம்மா. இல்லாட்டி வேலையை விட்டுடு.”

டென்ஷன் பொய்யில்லை. ஓயாத மன அழுத்தத்தில் கார்ட்டிசால் சுரப்பு கூடும்போது, சினைமுட்டைக்காக மூளை அனுப்பும் கட்டளை தடுமாறலாம். தைராய்டு, பி.சி.ஓ.டி. கூடக் காரணமாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் டென்ஷன் தருவது ஆபீஸ் மட்டும்தானா? 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண் தினமும் 289 நிமிஷம் கொடுக்கிறாள். ஆண்? 88 நிமிஷம்! அதே வருஷம் நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் திறந்தார்கள். ஆபீஸ் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது. ஆண்கள் அடுப்படிப் பக்கம் வருவது எப்போது?

இன்னொன்று. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் குறை இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிதானது. ஆனாலும் அவளைத்தான் கோயில், ஆஸ்பத்திரி என்று இழுத்தடிக்கிறோம். “விசேஷம் உண்டா?” என்ற விசாரிப்பு வேறு. அது டென்ஷன் இல்லையா?

கணவர்களே, உபதேசம் போதும். அவளோடு நீங்களும் டெஸ்ட்டுக்குப் போங்கள். நாளைக் காலை டப்பாவை நீங்கள் கட்டுங்கள்!