பொம்பளைங்க ஆட்டத்துல பையனுக்கு என்ன வேலை?

ரொம்ப நாளா பதிவு பக்கமே வரலை. ஆணி கொஞ்சம் அதிகம். இன்னிக்கு எழுதியே ஆகணும்னு உட்கார்ந்ததுக்குக் காரணம் என் அக்கா பையன்.

அக்காவுக்கு பாகூர் ஏரிக்குப் பக்கத்துல ஒரு ஊர். நான் வில்லியனூர். மாசத்துல ரெண்டு ஞாயிறாவது வண்டிய எடுத்துக்கிட்டு அங்க போயிடுவேன். போன தடவை போனப்ப பையன் திண்ணையில முகத்தைத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்பதாவது படிக்கிறான். "என்னடா, மார்க் குறைஞ்சிடுச்சா?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. அக்காதான் உள்ள இருந்து குரல் கொடுத்துச்சு, "அவன பள்ளிக்கூடத்துல எல்லாரும் அக்கான்னு கூப்பிடுறாங்களாம்டா."

விஷயம் இதுதான். பையன் கொஞ்சம் குள்ளம். வாலிபால் டீம்ல சேர்க்கலை. ஆனா கை நல்ல பலம். ஏரியில கல்லு விட்டா பாதி தூரம் போயிடும்னு அவங்க அப்பா பெருமையா சொல்லுவார் (பாகூர் ஏரியோட அகலம் தெரிஞ்சவங்க சிரிச்சிக்கலாம்). ஒரு நாள் பொண்ணுங்க எறிபந்து பிராக்டீஸ்ல ஆள் ஒண்ணு குறைஞ்சிருக்கு. பி.டி. சார் இவன நிக்க வச்சிருக்கார். நல்லா ஆடியிருக்கான். மறுநாளும் போயிருக்கான். மூணாவது நாள்ல இருந்து பையங்க "அக்கா"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு வாரத்துல இவன் நிறுத்திட்டான்.

எனக்குக் கோபம்னா கோபம். அப்பவே மனசுக்குள்ள ஒரு பதிவு எழுதி முடிச்சிட்டேன். தலைப்பு கூட ரெடி. ஆனா அந்தப் பதிவு வரலை, அதுக்குப் பதிலா இதுதான் வருது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல எறிபந்து பத்தி ரெண்டு வார்த்தை. வாலிபால் மாதிரியே நடுவுல வலை, ரெண்டு பக்கமும் ஆளுங்க. ஆனா இதுல பந்தைத் தட்டக் கூடாது. ரெண்டு கையாலயும் பிடிக்கணும், மூணு செகண்டுக்குள்ள ஒரே கையால தோளுக்கு மேல இருந்து எறியணும். கூட இருக்கிறவங்களுக்கு பாஸ் பண்ண முடியாது. வலை 2.2 மீட்டர். பார்க்க சுலபமா தெரியும். எதிர்ல இருந்து வேகமா வர்ற பந்தை நெஞ்சுக்கு முன்னாடி பிடிச்சி, காலி இடம் எங்கன்னு பார்த்து, மூணு செகண்டுல திருப்பி அனுப்பிப் பாருங்க. அப்புறம் பேசலாம்.

இந்த ஆட்டம் ஒய்.எம்.சி.ஏ. வழியா சென்னைக்கு வந்து, 1940-கள்ல பெண்கள் விளையாட்டாத்தான் ஆரம்பிச்சது. அந்த முத்திரை இன்னும் போகலை. தேசிய அளவுல ஆண்களுக்கும் தனியா போட்டி நடக்குது. ஆனா நம்ம பாகூர், வில்லியனூர் பக்கம் போய்க் கேளுங்க, பையனுக்கு வாலிபால், பொண்ணுக்கு எறிபந்துன்னு ஆதார் கார்டுல அடிச்ச மாதிரி சொல்லுவாங்க.

வேடிக்கை என்னன்னா, நம்ம ஊர் ஆம்பளைங்க மீசையை முறுக்கிக்கிட்டு ஆடற வாலிபால் எப்படி வந்துச்சு தெரியுமா? 1895-ல அமெரிக்காவுல வில்லியம் மார்கன்ங்கறவர் ஒரு ஒய்.எம்.சி.ஏ.-வுல கண்டுபிடிச்சார். பாஸ்கெட்பால் ஓடி ஆட முடியாத நடுத்தர வயசு வியாபாரிங்களுக்காக, மேல மோதாம, மூச்சு வாங்காம ஆட ஒரு மிதமான ஆட்டம். அதுதான் சார் உங்க வீர விளையாட்டு! எந்த ஆட்டமும் பொறக்கும்போது ஆம்பள பொம்பளன்னு பொறக்கறதில்லை. யார் முதல்ல கிரவுண்டுல இறங்கினாங்களோ அவங்க பேர் ஒட்டிக்குது.

'ரிங்'கும் அப்படித்தான். டென்னிகாய்ட், வளையப்பந்துன்னு பேப்பர்ல போடுவாங்களே, அது. நம்ம பள்ளிக்கூடங்கள்ல அது பொண்ணுங்க சமாச்சாரம். ஜெர்மனியில அதே ரப்பர் வளையத்தை ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் சரிசமமா ஆடுறாங்க. 2006-ல இதுக்கு உலகப் போட்டியே நம்ம சென்னையில நடந்துச்சு. 2010-ல ஜெர்மனியில கோப்ளென்ஸ். ஆண்களுக்கும் பதக்கம் உண்டு. நம்ம பையங்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்றதில்லை.

சரி, கிண்டலுக்கு வருவோம். ஒரு பொண்ணு கபடி ஆடினா என்ன சொல்றோம்? "ஆம்பள மாதிரி ஆடுது பாரு"ன்னு மெச்சிக்கிறோம். 2010 ஆசிய விளையாட்டுல பெண்கள் கபடி சேர்த்தாங்க, முதல் தடவையே இந்தியா தங்கம். எல்லாரும் கை தட்டினோம். ஒரு பையன் எறிபந்து ஆடினா "பொம்பள மாதிரி"ங்கறோம். முதலாவது பாராட்டு, ரெண்டாவது வசவு. ஏன்? பொண்ணு இந்தப் பக்கம் வந்தா ஏறி வர்றா, பையன் அந்தப் பக்கம் போனா இறங்கிப் போறான்னு நமக்குள்ள ஒரு படிக்கட்டு இருக்கு. என் அக்கா பையனை "அக்கா"ன்னு கூப்பிட்டப்ப அவன் மட்டும் அவமானப்படலை. பக்கத்துல நின்ன பொண்ணுங்க அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் நின்னாங்க. நம்மள மாதிரி இருக்கிறது இவ்ளோ கேவலமான்னு அவங்களுக்குத் தோணியிருக்காதா?

இதுவரைக்கும் நான் மனசுல எழுதின பழைய பதிவு. நல்லாத்தான் இருக்கு. ஓட்டு கூட விழுந்திருக்கும் :-)

அன்னிக்கு சாயங்காலம் எதிர் வீட்டுப் பொண்ணு அக்கா கிட்ட மாவு வாங்க வந்துச்சு. பதினொண்ணாவது படிக்குது. அதுதான் எறிபந்து டீம் கேப்டன். நான் விடுவேனா, "ஏம்மா, அந்தப் பசங்க அப்படிக் கிண்டல் பண்றப்ப நீயாவது ரெண்டு வார்த்தை கேட்கக் கூடாதா?"ன்னேன்.

அது பட்டுனு சொல்லுச்சு: "கேட்டேன் மாமா. கேக்காம இருப்பேனா. தம்பி வரட்டும், நல்லா ஆடறான். ஆனா அவன் பின்னாடி பத்து பேர் வந்தா நாங்க எங்க போறது? நாலு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும்தான் எங்களுக்கு கிரவுண்டு. மத்த நேரமெல்லாம் அவங்களுதுதானே?"

எனக்கு வாய் அடைச்சிப் போச்சு.

கிரவுண்டு ஒண்ணு. காலையில பையங்க ஓடறாங்க, மத்தியானம் கிரிக்கெட், அஞ்சு மணிக்கு மேல வாலிபால், ஞாயித்துக்கிழமை ஊர் இளைஞர்கள் மேட்ச். லைட் போட்டா ராத்திரியும் அவங்கதான். பொண்ணுங்களுக்கு கிடைச்சது ஒரு மணி நேரம். அதுலயும் வீட்டுல சீக்கிரம் வரச் சொன்னா முக்கால் மணி. பையன் எறிபந்து ஆடறது என் அக்கா பையனுக்கு மான பிரச்சினை. அந்தப் பொண்ணுக்கு அது இடப் பிரச்சினை. நான் முதல் பிரச்சினையை மட்டும்தான் பார்த்தேன், ஏன்னா அது எங்க வீட்டுப் பிரச்சினை.

அந்தப் பொண்ணு பயப்படறதுல நியாயம் இல்லைன்னு சொல்ல முடியுமா? வீட்டுச் சமையல் பொம்பளைங்க வேலை. கல்யாணத்துக்கு ஐநூறு பேருக்குச் சமைக்கிறதுன்னா மாஸ்டர் ஆம்பளை. வீட்டுல தையல் மெஷின் மிதிக்கிறது அம்மா. கடைத்தெருவுல போர்டு மாட்டின டெய்லர் ஆம்பளை. காசும் பேரும் வர்ற இடத்துல நாம எப்படியாவது போய் உட்கார்ந்துடுவோம். அமெரிக்காவுலயும் இதே கதைதான். 1972-ல படிப்புலயும் விளையாட்டுலயும் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரணும்னு அங்க சட்டம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி கல்லூரி பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல பெண்கள். சட்டத்துக்கு அப்புறம் பணமும் சம்பளமும் வந்துச்சு, பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் கீழ போயிட்டாங்க. நல்ல சட்டம்தான். ஆனா நாற்காலி கைமாறிடுச்சு.

அப்ப பையங்களை உள்ளயே விடக் கூடாதா? அதுவும் தப்பு. இதுக்கு அமெரிக்காவுலயே இன்னொரு உதாரணம் இருக்கு. அங்க குதிரைப் போட்டியில 'பேரல் ரேசிங்'னு ஒண்ணு. மைதானத்துல முக்கோணமா மூணு பீப்பாய் வச்சிருப்பாங்க. குதிரையில வேகமா வந்து மூணையும் சுத்திட்டுத் திரும்பி ஓடணும். குறைஞ்ச நேரத்துல முடிச்சவங்க ஜெயிச்சாங்க. காளை மேல உட்கார்றது, கயிறு வீசறதுன்னு மத்ததெல்லாம் ஆம்பளைங்க கையில இருந்தப்ப, 1948-ல டெக்சாஸ்ல 38 பெண்கள் ஒண்ணு கூடி தங்களுக்குன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கும் தொழில்முறைப் போட்டிகள்ல பேரல் ரேசிங் பெண்களுக்குத்தான். ஆனா 1992-ல வந்த இன்னொரு அமைப்போட போட்டிகள்ல ஆண், பெண், சின்னப் பசங்கன்னு யார் வேணும்னாலும் குதிரையோட வரலாம். பெண்கள் போராடி வாங்கின இடம் அப்படியே இருக்கு. ஆசைப்பட்ட ஆம்பளைக்குத் தனியா வேற ஒரு கதவு இருக்கு. ஒண்ணை இடிச்சி இன்னொண்ணு கட்டலை.

கதவை மட்டும் திறந்தா போதாதுன்னும் தெரிஞ்சிக்கணும். தண்ணிக்குள்ள நடனம் மாதிரி ஆடற நீச்சல் இருக்குல்ல, ஒலிம்பிக்ஸ்ல 1984-ல இருந்து பெண்களுக்கு மட்டும்தான். பில் மேன்னு ஒரு அமெரிக்கர், சின்ன வயசுல இருந்து அதுலயே கிடந்தவர். ஆம்பளைங்கறதால ஒலிம்பிக்ஸ் பக்கமே போக முடியலை. 2015-ல உலகப் போட்டியில கலப்பு இரட்டையர் பிரிவு கொண்டு வந்தப்ப தங்கம் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஒரு அணிக்கு ரெண்டு ஆண் வரைக்கும் சேர்த்துக்கலாம்னு விதியை மாத்தினாங்க. எத்தனை ஆண் ஆடினாங்க தெரியுமா? ஒருத்தர் கூட இல்லை. பில் மே பேரையும் அவங்க நாட்டு அணியில சேர்க்கலை. ஆம்பளை வந்தா எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிடுவான்னு எல்லா இடத்துலயும் பயப்பட வேண்டியதும் இல்லை.

அதனால என் கருத்து இதுதான், ஒரே வரியில சொல்லிடறேன். பையன் எறிபந்து ஆடணும், ஆனா அதுக்கான நேரம் பையங்க கணக்குல இருந்துதான் வரணும்.

பொண்ணுங்களோட நாலு மணியைத் தொடக் கூடாது. கிரிக்கெட்டுக்கும் வாலிபாலுக்கும் கொடுத்த நேரத்துல ஒரு மணியை எடுத்து பையங்க எறிபந்துக்குக் கொடுங்க. கிண்டல் பண்றவனுக்கும் அப்பத்தான் உறைக்கும். அவனுக்கும் அந்த நேரத்துல கிரிக்கெட் கிடையாதே! பொண்ணுங்க டீம்ல ஆள் குறைஞ்சா பிராக்டீஸுக்கு ஒரு பையனைக் கூப்பிடலாம். கூப்பிடறது கேப்டன் இஷ்டம். சார் இஷ்டமோ மாமா இஷ்டமோ இல்லை.

போன வாரம் அக்கா வீட்டுக்காரரோட போய் பி.டி. சாரைப் பார்த்தேன். நல்ல மனுஷன். "கிரவுண்டு ஒண்ணுதான் சார், நான் என்ன பண்ணட்டும்"னு முதல்ல இழுத்தார். அப்புறம் புதன்கிழமை வாலிபால் நேரத்துல ஒரு மணியைப் பையங்க எறிபந்துக்கு ஒதுக்கறேன்னார். வாலிபால் பசங்க முறைச்சிக்கிட்டு நிக்கிறாங்களாம். நிக்கட்டும்.

வலையும் பந்தும் பொண்ணுங்களோடது. கேப்டன் தர்றேன்னு சொல்லியிருக்கு. ஒரே கண்டிஷன், கட்டறதும் அவிழ்க்கறதும் பையங்கதான், பந்துக்குக் காத்து அடிச்சி வைக்கணும். என் அக்கா பையன் தலையாட்டிட்டு வந்திருக்கான். இதுவரைக்கும் நாலு பேர் சேர்ந்திருக்காங்க. ஏழு பேர் வேணும். "இன்னும் மூணு பேர்தான் மாமா"ன்னு நேத்து போன் பண்ணினான். குரல்ல திண்ணையில பார்த்த சோகம் இல்லை. "அக்கா"ன்னு இன்னும் கூப்பிடறாங்களாடான்னு கேட்டேன். "கூப்பிடறாங்க. இப்ப நாலு பேரையும் கூப்பிடறாங்க"ன்னு சிரிக்கிறான்.

உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல கிரவுண்டு யார் கையில எத்தனை மணி நேரம் இருக்குன்னு ஒரு நாள் போய்ப் பாருங்க மக்கா. பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 1: வாலிபால் ரசிகர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். நானும் வில்லியனூர்ல லைட் போட்டு ஆடற மேட்சுக்கு ராத்திரி பத்து மணி வரைக்கும் நின்னவன்தான்.

டிஸ்கி 2: எறிபந்து சுலபம்னு சொல்றவங்களுக்காக... நானும் கேப்டன் எறிஞ்ச பந்தை ஒரு தடவை பிடிச்சிப் பார்த்தேன். சுண்டு விரல் வீங்கி இருக்கு. இந்தப் பதிவு ஒன்பது விரல்ல தட்டினது.