ரஷ்யக் கடைக்காரர் ஏன் சிரிக்கவில்லை?

ரஷ்யா சென்று திரும்பியவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மருத்துவம் படிக்கப் போன மாணவராக இருக்கலாம். சுற்றுலாக் குழுவோடு பத்து நாள் போய் வந்தவராக இருக்கலாம். முதலில் குளிரைச் சொல்வார்கள். அடுத்து, "அந்த ஊர்க்காரர்கள் சிரிக்கவே மாட்டார்கள்" என்பார்கள். சான்று கேட்டால் பெரும்பாலும் ஒரு கடையைத்தான் காட்டுவார்கள். ரொட்டி வாங்கப் போனோம், கடைக்கார அம்மாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் தட்டில் போட்டார் என்று குறைப்பட்டுக் கொள்வார்கள்.

கடை நடத்திப் பிழைக்கும் நமக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் உறுத்துகிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அந்நாட்டு மந்திரியையும் கவிஞரையும் சந்திப்பதில்லை. ரொட்டி விற்பவரையும் டிக்கெட் கொடுப்பவரையும்தான் சந்திக்கிறார். ஊர் திரும்பி அவர் சொல்லும் சேதியில் பாதி, கடைக்காரர் அவரை நடத்திய விதம்தான். 15ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் த்வேர் நகரிலிருந்து புறப்பட்டு நம் நாட்டுக்கு வந்த அஃபனாசி நிகிதின் ஒரு வணிகர். குதிரை ஒன்றைக் கொண்டுவந்து பீதரில் விற்றவர். அவருடைய பயணக் குறிப்பில் சுல்தானின் ஊர்வலமும் உண்டு. கூடவே ஒரு வியாபாரியின் புலம்பலும் உண்டு. எங்கள் நாட்டுக்கு ஏற்ற சரக்கு இங்கே நிறைய இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள், மிளகும் சாயமும்தான் மலிவு, சுங்கமோ ஏராளம் என்று வருந்துகிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் பயணியின் தீர்ப்பு சந்தையில்தான் எழுதப்பட்டிருக்கிறது!

ஆகவே 'சிரிக்காதவர்கள்' என்ற தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொள்ள நமக்கு மனமில்லை. அதில் பாதியைக் கடைக்காரர்களாகிய நாம்தான் விளக்க வேண்டும்.

முதலில் அந்தத் தட்டு. ரஷ்யக் கடைகளில் கல்லா அருகே சிறு தட்டு ஒன்று இருக்கும். வாங்குபவர் பணத்தை அதில் வைப்பார். மீதியும் அதிலேயே வரும். பணத்தைக் கைக்குக் கை மாற்றுவது ஆகாது, அதிலும் பொழுது சாய்ந்தபின் கூடவே கூடாது என்பது அங்கே பலருக்கு உள்ள பழைய நம்பிக்கை. வீட்டுக்குள் சீட்டியடித்தால் காசு தங்காது என்றும் சொல்வார்கள். விளக்கு வைத்தபின் பணமும் உப்பும் வெளியே கொடுக்கத் தயங்குகிற நமக்கு இது புரியாதா? சந்தைக்குப் போனால் இன்னும் நெருக்கம். முதல் போணி ஆனதும் அந்த நோட்டை எடுத்து, அடுக்கி வைத்த சரக்கின்மேல் ஒரு தடவு தடவுவார்கள். அந்த முதல் வியாபாரத்துக்கு 'பச்சீன்' என்று பெயர். நாம் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போடுகிறோம். வேறென்ன வித்தியாசம்?

அடுத்தது சிரிப்பு. காரணமில்லாத சிரிப்பு மூடனின் அடையாளம் என்று அவர்களிடம் பழமொழியே இருக்கிறது. முன்பின் தெரியாதவரைப் பார்த்துப் புன்னகைத்தால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார். 1990 ஜனவரி 31 அன்று மாஸ்கோவின் புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறந்தபோது, வேலைக்கு எடுத்த இளைஞர்களுக்கு வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கவும் பயிற்சி தர வேண்டியிருந்தது. முதல் நாளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். (உக்ரைன் போரையொட்டி 2022இல் அந்த நிறுவனம் ரஷ்யாவை விட்டே போய்விட்டது, அது வேறு கதை.)

எல்லாம் வழக்கம்தான் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1947இல் புகைப்படக் கலைஞர் ராபர்ட் காபாவுடன் சோவியத் நாட்டைச் சுற்றி வந்தார். போரில் அதிகம் சிதையாத மாஸ்கோவில் மக்கள் களைத்து வாடித் தெரிந்ததையும், இடிபாடாகக் கிடந்த உக்ரைனின் கீவ் நகரில் மக்கள் நிமிர்ந்து நடந்து தெருவில் சிரித்ததையும் கண்டு எழுதினார். ஆக, ஊரும் சூழ்நிலையும் மாறினால் முகமும் மாறுகிறது. கடைக்காரரின் முகத்துக்கும் அப்படியொரு சூழ்நிலை இருந்தது.

சோவியத் காலத்துக் கடைக்குப் போனவர்கள் மறக்காமல் சொல்வது மூன்று வரிசை. பாலாடைக்கட்டி கால் கிலோ வேண்டுமா? முதல் வரிசையில் நின்று எடைபோடச் சொல்லி விலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வரிசையில் நின்று கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். மூன்றாவது வரிசையில் நின்று சீட்டைக் கொடுத்துப் பொட்டலத்தைப் பெற வேண்டும். கல்லாவில் கணக்குப் போடுவது மணிச்சட்டத்தில்; மரச்சட்டத்தில் கம்பி, கம்பியில் மணிகள். விரல்கள் மின்னல்போல ஓடும் என்பார்கள். 1990களிலும் பல கடைகளில் அது இருந்தது. யாராவது முணுமுணுத்தால் விற்பனைப் பெண் சொல்லும் பதில் நாடறிந்தது: "நீங்கள் பல பேர், நான் ஒருத்தி!"

நம் கடையில் வேலை செய்யும் பையன் இப்படிச் சொன்னால் மறுநாள் அவனை வைத்திருப்போமா? ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். விலையை அரசு போட்டது. சரக்கை அரசு அனுப்பியது. வாடிக்கையாளர் வந்தாலும் போனாலும் சம்பளத்தில் பெரிய மாற்றமில்லை. நல்ல சரக்கு எப்போதாவது வந்தால் அது மேசைக்குக் கீழே போய், வேண்டியவர்களுக்கு மட்டும் வெளியே வந்தது. இந்த நிலையில் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசி அவருக்கு ஆகப்போவது என்ன? கடையில் நட்டமும் லாபமும் யாருடையது என்று தெரியாதபோது, முகத்தில் மலர்ச்சி எங்கிருந்து வரும்?

சிரித்து விற்க விரும்பியவருக்கோ சட்டம் குறுக்கே நின்றது. ரஷ்யக் குடியரசின் குற்றவியல் சட்டம் 154ஆம் பிரிவின்படி, லாபத்துக்காக வாங்கி விற்பது தண்டனைக்குரிய குற்றம். 1991 வரை இதுதான் நிலை. காலையில் மொத்தக் கடையில் மூட்டை எடுத்து மாலையில் படியளந்து விற்கும் நம் பிழைப்பு முழுவதும் அங்கே குற்றப் பட்டியலில் இருந்தது! மாஸ்கோவில் 1901இல் திறந்த யெலிசெயெவ் மளிகைக் கடை, சரவிளக்கும் தங்கப் பூச்சுமாக அரண்மனைபோல இருந்தது. புரட்சிக்குப் பின் அரசுடைமையான அக்கடையின் மேலாளர் யூரி சொகலோவுக்கு 1983 நவம்பரில் லஞ்ச வழக்கில் மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேற்றியும் விட்டார்கள். லஞ்சத்துக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் மளிகைக்கடை மேலாளருக்குத் துப்பாக்கிக் குண்டு என்பதைப் படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. அந்தக் கடை 2021இல் மூடப்பட்டது.

வாங்குபவர்கள் பட்ட பாட்டிலும் ஒரு நேர்மை இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வரிசையைக் கண்டதும் "கடைசி யார்?" என்று கேட்பார்கள். யாரோ கை காட்டுவார். "உங்களுக்குப் பின்னால் நான்" என்று சொல்லிவிட்டு, வேறு வேலையை முடித்துக்கொண்டு வந்தாலும் அந்த இடம் அவருக்கே! சீட்டு இல்லை, கயிறு இல்லை; வாய்ச்சொல்தான். எல்லார் பையிலும் மடித்த வலைப்பை ஒன்று இருக்கும். அதன் பெயர் 'அவோஸ்கா'. 'ஒருவேளை கிடைத்தாலும் கிடைக்கலாம்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்து வந்த பெயர். அந்த நாளின் பயம் இன்னும் முழுவதும் தெளியவில்லை. 2010இல் வறட்சி வந்தபோதும், 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோதும் 'கிரேச்கா' என்ற பாப்பரைத் தானியத்தை மக்கள் கடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 மார்ச்சில் சர்க்கரைக்கு அதே கதி.

இனி, கடையில் முகம் கொடுக்காத அதே மனிதரின் வீட்டுக்குப் போனவர்களைக் கேளுங்கள். வேறொரு நாட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். வாசலில் காலணியைக் கழற்றியதும் வீட்டுச் செருப்பு ஒன்றை நீட்டுவார்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகுலுக்க மாட்டார்கள், உள்ளே வந்தபின்தான். பூ கொண்டுபோனால் ஒற்றைப்படையில் கொண்டுபோக வேண்டும். இரட்டைப்படை இறப்பு வீட்டுக்கு உரியது. விருந்தாளியை உட்கார வைப்பது அடுக்களையில்தான். வீட்டில் உள்ளதெல்லாம் மேசைக்கு வந்துவிடும்: ஊறவைத்த வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, பழப்பாகு. பாதியும் நகரத்துக்கு வெளியே உள்ள தோட்டக் குடிலில் தங்கள் கையால் விளைவித்ததாக இருக்கும். புறப்படும்போது பயணம் போகிறவரோடு வீட்டார் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுவார்கள்.

அந்த மேசையில் தேநீர் இல்லாமல் இருக்காது. சிறு கெண்டியில் திக்காகத் தேயிலைச் சாறு இறக்கி வைத்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றி வெந்நீர் சேர்ப்பார்கள். நம் காப்பி டிக்காஷன் முறைதான், பால் மட்டும் இல்லை. சோவியத் நாளில் அந்தக் கெண்டிக்குள் நம் சரக்கும் இருந்தது. யானைப் படம் போட்ட 'இந்தியத் தேயிலை' பொட்டலம் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்தி, விருந்தாளி வரும்போது எடுப்பார்களாம். 1980களில் இந்தியத் தேயிலையை மிக அதிகமாக வாங்கிய நாடு சோவியத் யூனியன். கணக்கு ரூபாயிலேயே தீர்ந்தது. நீலகிரித் தேயிலைக்கும் அங்கே கிராக்கி இருந்தது. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனபோது, அந்த வியாபாரத்தை நம்பியிருந்தவர்கள் தவித்த தவிப்பு நம்மவர் பலருக்கு நினைவிருக்கும்.

அங்கே தவித்தவர்களின் கதை இன்னும் பெரிது. 1992 ஜனவரி 2 அன்று விலைக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். வாழ்நாள் சேமிப்பு சில மாதங்களில் கரைந்தது. ஆசிரியருக்கும் பொறியாளருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. ஜனவரி 29இல் யார் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று அதிபர் யெல்த்சின் ஆணையிட்டார். மாஸ்கோவில் 'குழந்தைகள் உலகம்' என்ற பெரிய கடைக்கு அருகே, கையில் காலுறையும் டப்பாவும் பிடித்துக்கொண்டு சாதாரண மக்கள் வரிசையாக நின்றார்கள். அன்று அரசில் பொறுப்பிலிருந்த யெகோர் கைதார் இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆணை அச்சான செய்தித்தாள் துண்டைச் சிலர் கோட்டில் குத்திக்கொண்டு நின்றார்களாம். நேற்றுவரை சிறைக்கு அனுப்பிய தொழில் ஆயிற்றே. போலீஸ்காரர் கேட்டால் காட்ட வேண்டாமா? நாம் கடைச் சுவரில் லைசென்ஸை மாட்டுகிறோம். அவர்கள் நெஞ்சில் குத்திக்கொண்டார்கள்.

அதிலிருந்து வளர்ந்தவர்கள்தான் 'செல்னோக்கி'. தறியில் ஓடும் நாடாபோல எல்லைக்கும் ஊருக்கும் ஓடிக்கொண்டே இருந்ததால் அந்தப் பெயர். துருக்கியிலும் போலந்திலும் சீனாவிலும் சரக்கெடுத்து, கட்டம் போட்ட பெரிய பைகளைத் தோளில் சுமந்து வந்தார்கள். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவரும் அதில் இருந்தார். மாஸ்கோவின் லுஷ்னிக்கி விளையாட்டரங்கமே அந்நாளில் சந்தையாகிவிட்டது. நாட்டுக்கு உடை உடுத்தியவர்கள் அவர்கள் என்றால் மிகையில்லை. மெட்ரோ வாசலில் சூரியகாந்தி விதையைக் கண்ணாடி டம்ளரால் அளந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் உருளைக்கிழங்கை வாளிக் கணக்கில் விற்ற பாட்டிகளும் அவர்களோடு சேர்த்திதான். அவர்களிடம் வாங்கிய பயணிகள் யாரும் "பேசவில்லை, சிரிக்கவில்லை" என்று நம்மிடம் குறை சொன்னதில்லை. சரக்கு தன்னுடையது ஆனதும் பேச்சு தானாக வந்துவிட்டது!

அந்தக் காலமும் நிலைக்கவில்லை. 2016 பிப்ரவரி 8 இரவு தொடங்கி விடிவதற்குள், மாஸ்கோ மெட்ரோ நிலையங்களைச் சுற்றியிருந்த ஏறத்தாழ நூறு கடைக் கட்டிடங்களை இயந்திரங்கள் இடித்துத் தள்ளின. அனுமதியற்றவை, ஆபத்தானவை என்றது நகர நிர்வாகம். முறையான பத்திரம் எங்களிடம் இருக்கிறது என்று கடைக்காரர்கள் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நடைபாதை அகலமானது உண்மை. வழி அடைத்த கடைகளும் அதில் இருந்திருக்கலாம். ஆனாலும் 1992இல் நெஞ்சில் குத்திக்கொண்ட காகிதத்துக்கு இருந்த மதிப்பு, 2016இல் கையில் இருந்த பத்திரத்துக்கு இல்லாமல் போனதை நாம் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. இன்று அங்கே மளிகை என்றால் பெரும் சங்கிலிக் கடைகள்தான். 'பியாத்யோரச்கா' என்ற ஒரே பெயரில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். பல கடைகளில் வாடிக்கையாளரே இயந்திரத்தில் பில் போட்டுக்கொள்கிறார். சிரிப்பதற்கோ முறைப்பதற்கோ எதிரில் ஆளே இல்லை.

சீன எல்லையில் அமூர் ஆற்றங்கரையில் உள்ள பிளகோவெஷ்சென்ஸ்க் நகரில் செல்னோக்கி வியாபாரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். தளபதிக்கும் தலைவருக்கும் சிலை வைக்கும் நாட்டில், பை சுமந்த சில்லறை வியாபாரிக்கு ஒரு சிலை! மாஸ்கோ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நண்பர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. போகிறவர் யாராவது இருந்தால், சிலையின் முகம் சிரிக்கிறதா என்று பார்த்து வந்து நமக்குச் சொல்லட்டும்.