அரை இன்ச் பஞ்ச்... ஓட்டை அரை இன்ச் இல்லை!

டிபி பாக்ஸிலோ, மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியிலோ புதிதாக ஒரு பைப் இறக்க வேண்டும். பெட்டியோடு வந்த ஓட்டைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. பல இடங்களில் என்ன நடக்கிறது? வரிசையாக டிரில் போட்டு, உளியால் தட்டி, அரத்தால் தேய்த்து ஒரு மாதிரியாக வட்டம் ஆக்கிவிடுகிறார்கள். ஓரத்தில் நிற்கும் பிசிறு நாளடைவில் ஒயரின் இன்சுலேஷனைக் கீறும். ஒருநாள் இரும்புப் பெட்டி முழுக்க கரன்ட் பாயும். எர்த்தும் சரியில்லாத வீடு என்றால், தொடுகிறவருக்கு உயிராபத்து.

ஹோல் சா போட்டால் வட்டம் ஒழுங்காக வரும். ஆனால், இரும்புத் தூள் பெட்டிக்குள் கொட்டும். அது பிரேக்கர் இடுக்கில் போய் உட்கார்ந்தால் வேறு வம்பு.

இதற்கென்றே இருப்பதுதான் நாக்-அவுட் பஞ்ச். முதலில் போல்ட் நுழையும் அளவுக்கு ஒரு சிறிய ஓட்டை போட வேண்டும். தகட்டின் ஒரு பக்கம் கிண்ணம் போன்ற டை, மறுபக்கம் வெட்டும் முனை உள்ள பஞ்ச். நடுவில் போல்ட். ஸ்பேனரால் முடுக்க முடுக்க, பஞ்ச் தகட்டை வெட்டிக்கொண்டு டைக்குள் இறங்கும். காசு போல ஒரு வில்லை வெளியே வரும். அவ்வளவுதான். தூள் கிடையாது, பெரிய பிசிறும் கிடையாது.

வாங்கும்போது பலர் ஏமாறுவது அளவில்தான். பல செட்களில் அரை இன்ச், முக்கால் இன்ச், ஒரு இன்ச் என்று போட்டிருக்கும். இவை அமெரிக்க கான்ட்யூட் பைப்பின் பெயர்களே தவிர, ஓட்டையின் அளவு அல்ல. அரை இன்ச் என்றால் 12.7 மி.மீ. தானே? ஆனால், அந்த பஞ்ச் போடும் ஓட்டை சுமார் 22.5 மி.மீ. முக்கால் இன்ச் பஞ்ச் 28 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஒரு இன்ச், ஏறத்தாழ 34.6 மி.மீ.

நம் ஊரில் பைப்பை 20, 25, 32 மி.மீ. என்று வெளிவிட்டத்தில்தான் சொல்கிறோம். 25 மி.மீ. பைப்பின் அடாப்டரை 28 மி.மீ. ஓட்டையில் வைத்தால் லொடலொடவென ஆடும். மொட்டை மாடியிலோ பம்ப்செட்டிலோ இருக்கும் பெட்டி என்றால், அந்த இடைவெளி வழியே மழைத் தண்ணீர் இறங்கும். எனவே, நம் வேலைக்கு 20, 25, 32 என மெட்ரிக் அளவில் வரும் செட்டே சரி. வாங்கும் முன் பெட்டியில் ஓட்டையின் அளவு மி.மீ.யில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பேனல் போர்டு செய்பவர்கள் மட்டும் 22.5 மி.மீ. பஞ்சைத் தனியாக வாங்கலாம். இண்டிகேட்டர் விளக்கும் புஷ் பட்டனும் பெரும்பாலும் அதே ஓட்டையில்தான் உட்காருகின்றன.

அடுத்து தகட்டின் கனம். 16 கேஜ் தகடு என்றால் சுமார் 1.6 மி.மீ. சாதாரண இரும்புப் பெட்டிக்கு அந்தத் திறன் உள்ள செட் போதும். 10 கேஜ் வரை தாங்கும் நல்ல செட்களும் உண்டு. விலையும் அதற்கேற்ப ஏறும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிக்கு, அதற்கென்று குறிப்பிட்ட பஞ்ச்தான் வேண்டும். சாதா பஞ்சைப் போட்டால் முனை மழுங்கிவிடும்.

போல்ட்டின் தலையில் பேரிங் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நாள் முழுக்க முடுக்குகிற கைக்குத்தான் அந்த அருமை தெரியும். மரையில் கிரீஸ் தடவாமல் முடுக்கினால், முதலில் தேய்வது இந்த போல்ட்தான். அது மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் விசாரித்துவிடுவது நல்லது. கையால் முடுக்கும் செட்டில், அவசரத்துக்கு இம்பாக்ட் ரெஞ்ச் மாட்டாதீர்கள். தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் ஒழிய.

மாதத்துக்கு இரண்டு மூன்று ஓட்டைதான் என்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். மெல்லிய தகட்டுக்கு ஒரு ஸ்டெப் டிரில் பிட்டும், ஓரத்துக்கு ரப்பர் குரோமெட்டும் போதும்.

எதை வைத்து ஓட்டை போட்டாலும், முதலில் கரன்ட்டை நிறுத்த வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும், அதற்குள் வருகிற ஒயரில் சப்ளை இருக்கும். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, தகட்டுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று டார்ச் அடித்தும் பாருங்கள். கழற்றக்கூடிய கிளாண்ட் பிளேட் உள்ள பெட்டியா? பிளேட்டை வெளியே எடுத்து வைத்தே பஞ்ச் போட்டுவிடலாம்.