மதுரைக்குள் ஒரு பைக்காரா!

கேள்வி: மதுரையில் ஓர் இடத்துக்குப் பைக்காரா என்று பெயர். நீலகிரி பைக்காராவுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? நம்ம பக்கத்துக் கிணறுகளுக்குக் கரன்ட் வந்த கதை என்ன?
– நிலக்கோட்டை வட்டார வாசகர்

சம்பந்தம் உண்டு. நீலகிரியில் இருந்து வந்த மின்சாரத்தால்தான் அந்த இடத்துக்கு அப்படிப் பெயர் வந்தது.

1927-ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் மின்சாரத்துக்கென்று தனித்துறை ஏற்பட்டது. அதன் தலைமைப் பொறியாளர் ஹென்றி ஹோவர்ட். அவரது தலைமையில் பைக்காரா திட்ட வேலைகள் 1929-ல் தொடங்கின. 1932-ல் மின் உற்பத்தி ஆரம்பமானது. மலை மேலிருந்து 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருந்து குழாய் வழியே தண்ணீர் இறங்கி, அடிவாரத்தில் சிங்காரா மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றியது. 50 மீட்டர் உயரத்தில் இருந்து 18 லிட்டர் தண்ணீர் விழுந்தால் கிடைக்கும் சக்தி, 900 மீட்டரில் இருந்து ஒரே லிட்டர் விழுந்தாலே கிடைத்துவிடும். சின்ன ஆறு பெரிய வேலை செய்த ரகசியம் இதுதான்.

மின்நிலையம் கட்டியதோடு வேலை முடியவில்லை. காடு, மேடு தாண்டிக் கோவை, மதுரை என்று கம்பிகள் நீண்டன. கோவையில் மில்கள் பெருகின. கமலை இறைத்த கிணறுகளுக்கு மோட்டார் வந்தது.

1937-ல் மேட்டூர் மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது. மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரில்தான் மின்சாரம். மதகு மூடினால் உற்பத்தி குறையும். அந்த நாட்களில் பைக்காராவில் தேக்கிய தண்ணீர் கைகொடுக்கும். அதற்காக இரண்டையும் ஈரோட்டில் இணைத்தார்கள். 1944-ல் பாபநாசமும் வந்தது. ஓர் இடத்துக் குறையை இன்னோர் இடம் ஈடுகட்டும் இந்த வலைப்பின்னல்தான், 1957-ல் உருவான மின்வாரியத்துக்கு அடித்தளம்.

இதில் விவசாயிக்கு ஒரு பாடமும் இருக்கிறது. உயரத்தில் இருந்து இறங்கும் தண்ணீர் சக்தி தரும். ஆழத்தில் இருந்து ஏற்றும் தண்ணீர் சக்தியைத் தின்னும். 30 அடியில் கிடைத்த தண்ணீர் 90 அடிக்குப் போய்விட்டால், அதே அளவு தண்ணீரை மேலே கொண்டுவர மூன்று மடங்கு சக்தி வேண்டும். கமலை மாடு மூச்சு வாங்கினால் இறைப்பு தானாக நின்றது. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. திண்டுக்கல் சமவெளியில் கிணறு வற்றி, போர்வெல் மேல் போர்வெல் போட்டுக் கடனில் விழும் குடும்பங்களுக்கு இதன் வலி தெரியும்.

விவசாயத்துக்குக் கரன்ட் இலவசமாக இருக்கலாம், தண்ணீர் அப்படியல்ல. அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வரப்பை உயர்த்துங்கள், பண்ணைக்குட்டை வெட்டுங்கள், ஓடை நீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்குங்கள். புது மோட்டார் வாங்கும் முன், கோடையில் நீர்மட்டம் எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று கயிறு விட்டு அளந்து, அதற்கேற்ற ஹெச்.பி. தேர்வு செய்யுங்கள். நீர்மட்டம் ஓர் அடி ஏறினாலும், மோட்டாருக்கு அந்த ஓர் அடிச் சுமை குறையும்.