ரீல்ஸில் தெரியாத லிபரோ

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வண்டலூர் பக்கம் இன்னொரு சீசன் ஆரம்பம். இங்கே கிரசென்ட், அந்தப் பக்கம் காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைக்குமா என்று ஃபைலும் கையுமாக அலைகிறார்கள் பெற்றோர். இப்போது அந்த ஃபைலோடு பிள்ளையின் இன்ஸ்டாகிராம் லிங்கும் சேர்ந்துவிட்டது.

அந்த லிங்குக்கு என்ன மதிப்பு?

அரசுக் கலந்தாய்வில் எதுவும் இல்லை. பொறியியல் படிப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 500 இடங்களுக்கும், அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். எத்தனை லட்சம் லைக் வாங்கினாலும் அங்கே ஒரு பாயின்ட்கூடக் கிடைக்காது.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. எங்கோ ஒரு கிராமத்தில் ஆடும் பெண்ணை வீடியோவில் பார்த்து, பயிற்சியாளர் ட்ரையல்ஸுக்கு அழைக்க முடியும். சிபாரிசு இல்லாத பிள்ளைக்கு இது நல்ல வாசல். ஆனால், வாசல் மட்டும்தான்.

2019-ல் மத்தியப் பிரதேச இளைஞர் ஒருவர் வெறுங்காலில் 100 மீட்டரை 11 விநாடியில் ஓடியதாக ஒரு வீடியோ வைரலானது. அன்றைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜுவே போபாலில் ட்ரையலுக்கு ஏற்பாடு செய்தார். அதில் அந்த இளைஞர் கடைசியாக வந்தார். தவறு அவருடையது அல்ல. முறையான பயிற்சி தராமலேயே ஊரே அவரைச் சாம்பியனாக்கிவிட்டது.

வாலிபாலில் லிபரோ என்று ஒருவர் உண்டு. வலைக்கு மேலே இருக்கும் பந்தை ஸ்மாஷ் அடிக்க விதியே அவரை அனுமதிக்காது. எதிரணி அடிப்பதை விழுந்து புரண்டு எடுப்பதுதான் அவர் வேலை. முப்பது விநாடி ரீல்ஸில் அந்த உழைப்பு எங்கே தெரியும்?

அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அங்கே ஃபாலோயர்களே வருமானம். அதைப் பார்த்து, மைதானத்தில் ஓட வேண்டிய நேரத்தை எடிட்டிங்கில் கரைத்தால் நஷ்டம் நம் பிள்ளைக்குத்தான்.

வீடியோ போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டி ஒட்டாத முழு ஆட்டத்தையும் ஒரு லிங்கில் வையுங்கள். தோற்ற அன்று நடுவரைத் திட்டி எதுவும் எழுதாதீர்கள்; அதையும் பயிற்சியாளர் படிப்பார்.

முக்கியமாக, ‘சீட் கன்ஃபார்ம், அட்வான்ஸ் அனுப்புங்க’ என்று இன்பாக்ஸில் யாராவது வந்தால், பத்து பைசா அனுப்பாதீர்கள். கல்லூரிக்கே நேரில் போய் உடற்கல்வி இயக்குநரிடம் விசாரியுங்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள்.