தன் பணியைத் தானே நிறுப்போர்

பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்திற்கு ஆய்வோர் இன்று பலராவர். ஆசிரியர் தம் வகுப்பறையையும், செவிலியர் தம் மருத்துவமனையையும், அலுவலர் தம் அலுவலகத்தையுமே ஆய்வுக் களமாகக் கொள்கின்றனர். தன் பணியைத் தானே ஆய்வது ஆய்வாகுமா என வினவுவாரும் உளர். ஆகும் என்பதே நம் விடை.

செயலாய்வு என்னும் நெறியைக் கர்ட்டு இலெவின் என்னும் உளநூலறிஞர் 1946-இல் எழுதி விளக்கினார். பாடத்திட்டத்தை ஆய்தற்குரியார் வகுப்பில் நின்று கற்பிக்கும் ஆசிரியரே என, ஆங்கில நாட்டுக் கல்வியறிஞர் இலாரன்சு சிடென்கவுசு 1975-இல் வலியுறுத்தினார். 1986-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையின்பின் தோன்றிய மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனங்களும் நம் ஆசிரியரை இந்நெறியில் செலுத்துகின்றன. கொல்லிமலைச் சிறுவன் கணக்கில் ஏன் தடுமாறுகின்றான் என்பதை, நாள்தோறும் அவனுக்குக் கற்பிப்பவன் அறியாமல், நகரத்தினின்று ஒருநாள் வந்து வினாத்தாள் நீட்டிச் செல்பவனா அறிவான்?

எனினும், பேளுக்குறிச்சிச் சந்தையில் விற்பவனே நிறுக்கின்றான் என்பதற்காக, எடைக்கல்லில் அரசின் பொறிப்பு வேண்டா என்போமா? வாங்குபவன் கண்ணும் நிறைகோலின் நாமேல் இருத்தல் வேண்டுமன்றோ? தன் பணியைத் தானே நிறுப்பார்க்கும் அஃதே முறை. அவர்முன் நிற்கும் இடர்கள் மூன்று.

முதலாவது, அச்சம். பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பணியிலிருக்கும் பகுதிநேர ஆய்வாளர் தம் பணியிடத்தில் தடையின்மைச் சான்று பெறல் வேண்டும். சான்றளித்தவரின் குறையை அவர் எங்ஙனம் எழுதுவார்? உண்மை எழுதினார்க்கு ஊறு நேராவாறு பல்கலைக்கழகமே காப்பளித்தல் வேண்டும்.

இரண்டாவது, மாணவர் இசைவு. மதிப்பெண் இடும் கையே இசைவு கேட்டால் மறுக்கும் பிள்ளை யார்? பெற்றோர் அறிய, வேறோர் ஆசிரியர் வழியாக அதனைப் பெறுக.

மூன்றாவது, மொழி. தமிழில் நடந்த வகுப்பை, தமிழில் பேசிய பிள்ளைகளை, ஆங்கிலத்தில் எழுதி நூலகத்துள் அடைப்பதனால் யார்க்குப் பயன்? உடன் பணியாற்றுவோர் படித்து, ‘இது மெய், இது பொய்’ எனக் கூறவியலாத ஆய்வேடு, வாங்குபவன் காணாத நிறைகோலே என்க.

ஆசிரியத் தோழர்களே! பட்டம் பெறுக, தடையில்லை. ஆயின் ஆய்வேட்டைத் தமிழில் எழுத இசைவு கேளுங்கள். மறுப்பாராயின், அதன் சாற்றையேனும் தமிழில் எழுதி, நும் பள்ளியிலேயே படித்துக் காட்டுங்கள். ஆங்கெழும் மறுப்புரையே நும் எடைக்கல்லுக்கு முதற்பொறிப்பு!