ஆலையின் தூதும் வயலின் மௌனமும்

அரசின் செவியை நாடிச் சென்று தம் நலம் உரைப்போர் எக்காலத்தும் உளர். அதனைக் குற்றமென யான் கொள்ளேன். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்றார். வள்ளுவரும் தூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயின், அத்தூதர் யாருக்காகப் பேசினர் என்பதை அவை அறிந்திருந்தது. இன்றைய தூதோ பெரும்பாலும் அடைத்த கதவுக்குப் பின்னே நிகழ்கின்றது.

2021 செப்டெம்பர்த் தொடக்கத்தில் அரிசிக்கு உச்ச விலை விதித்து வர்த்தமானி வெளியாயிற்று. அம்மாதம் முடியுமுன்னரே அவ்விலை நீக்கப்பட்டது. பெரிய ஆலையுரிமையாளர் தாமே விலையை அறிவித்தனர். இடைப்பட்ட நாள்களில் அவர்கள் முன்வைத்த கணக்கு யாது, அதனை அரசு எங்ஙனம் சீர்தூக்கிற்று என்பதை மக்கள் பார்த்தறியத்தக்க பதிவேடு இந்நாட்டில் இல்லை.

மறுபுறம் பரந்தனைப் பாருங்கள். இரணைமடு நீர் பாயும் எங்கள் வயல்களில் காலபோக நெல் தை, மாசியில் அறுவடையாகும். வெட்டு இயந்திரக் கூலியும் உரக்கடனும் வாயிலில் வந்து நிற்கும். ஈர நெல்லை உலர்த்த இடமில்லாத கமக்காரன் வீதியோரத்தில் பரப்புவான். அன்றேல் வயலிலேயே வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுப்பான். 2025இல் அரசின் நெல் விலை, நாட்டு நெல் கிலோ 120 ரூபா என, பெப்ரவரி 5ஆம் நாளிலேயே வெளியாயிற்று. அதற்குள் பல இடங்களில் அறுவடை தொடங்கிவிட்டது. ஆலைக்காரருக்குக் களஞ்சியமுண்டு, காத்திருக்க வல்லார். காத்திருக்க வல்லார் குரலே தலைநகரில் நின்று ஒலிக்கும்.

ஆலையுரிமையாளரும் குடிமக்களே. நெல்லை அதிக விலைக்கு வாங்கி, அரிசியைக் கட்டிய விலைக்கு விற்றல் இயலாது என்னும் அவர் வாதமும் கேட்கத்தக்கதே. அவர் வாயை அடைக்க வேண்டுமென்பது என் கருத்தன்று. அவர் பேசும் அறையின் கதவைத் திறக்க வேண்டுமென்பதே. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறருக்காக ஊதியம் பெற்று அரசிடம் பேசுவோர் தம்மைப் பதிவு செய்தல் வேண்டும். இங்கும் அமைச்சரைச் சந்தித்தோர் பெயரும் பேசிய பொருளும் மாதந்தோறும் வெளிவரல் வேண்டும். கமக்காரர் அமைப்புகளின் கணக்கையும் கேட்டு, அறுவடைக்கு முன்னரே விலையை அறிவித்தல் வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. வகுப்பிலே விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்காள், ஊர்க் கமக்காரனுக்காக அத்தகையதொன்றை மாணாக்கரைக் கொண்டு எழுதுவிப்பீராக. வயலின் தூது அங்கிருந்தே தொடங்கட்டும்.